பின்னறையில் யாருமில்லை

கண்ணாடிக்காரர் வீட்டில் இணையம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. கம்பெனியே அப்படித்தான் சொன்னது. வேலை செய்யாதது பின்னறையில் இருந்த டிவி ஒன்றுதான். அதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தம் இருந்தாலும் அது கண்ணாடிக்காரரின் குற்றம், குற்றம் இல்லையென்றாலும் அவர் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். இத்தனையும் முதல் நாளே அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது.

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "இதுல நல்லா தெரியுதா, இல்ல அதுல நல்லா தெரியுதா" என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்டுக் கேட்டு மனிதருக்குப் பொறுமை உடம்போடு ஊறிப்போயிருந்தது. எவ்வளவு பிடிவாதமான கிழவரும் அவரிடம் கோபப்பட முடியாது. அந்தப் பொறுமையைக் கம்பெனி பின்னால் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதுதான் கதை.

பின்னறையில் அவருடைய அப்பா படுத்திருந்தார். ரயில் ஓட்டியவர். பக்கவாதம் வந்து பேச்சு போய், வலது பக்கம் முழுக்கப் போய், இடது கையில் மட்டும் கொஞ்சம் உயிர் பாக்கி. உணவை மசித்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும். ஆனால் அவர் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றிருந்தார். கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள், டாக்டரை விட்டும் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு நாள் மருமகள், மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் டிவியில் எதையோ தட்ட, ஒரு ரயில் படம் ஓடியது. எஞ்சினின் முன்கண்ணாடி வழியாக எடுத்த படம். கதை கிடையாது, பாட்டு கிடையாது, ஆளும் கிடையாது. தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், பாலம் வரும், சிக்னல் வரும், அவ்வளவுதான். அப்பாவின் கண் திறந்தது. பின்னாலேயே வாயும் திறந்தது.

அன்றிலிருந்து ரயில் ஓடினால்தான் சாப்பாடு. நேர்ப் பாதையில் ஒழுங்காகச் சாப்பிடுவார். வளைவு வந்தால் வாயை மூடிக்கொள்வார், வேலையில் கவனம். சிவப்பு சிக்னலில் தண்ணீர் குடிப்பார். மருமகள் பாதையெல்லாம் மனப்பாடம் பண்ணி, எந்த இடத்தில் எத்தனை கரண்டி என்று கணக்கு வைத்திருந்தாள். அந்த வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

இந்த ரயில் ஓடிய பாதையைப் போட்டவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கப்பலில் மின்சார வேலை பார்ப்பவன். கரைக்கு வந்தால் கை சும்மா இருக்காது. "அக்கா, உங்க வீட்டு நெட்டு தவழ்ந்துக்கிட்டு இருக்கு, நான் ஓட வைக்கிறேன்" என்று ஆரம்பித்து, கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் தன் பெட்டி ஒன்றை வைத்தான். மாடிப்படிக்குக் கீழே ஒன்று, சமையலறை அலமாரி மேல் ஒன்று, பின்னறையில் ஒன்று என்று வீடு முழுக்கப் பச்சை விளக்குகள் கண்சிமிட்டின. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரில் தனி வைஃபை. 'முன்பக்கம்', 'முன்பக்கம் புதுசு', 'அக்கா மட்டும்', 'தொடாதே'. பின்னறை டிவி 'தொடாதே'யில் இருந்தது. அதனால் அதை யாரும் தொடவில்லை, அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் கப்பலேறிவிட்டான். நடுக்கடலில் அவனுக்கு சிக்னல் கிடையாது.

ஒரு நாள் காலை, கரண்டி பாதி வழியில் இருக்கும்போது தண்டவாளம் மறைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: 'இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டில் இல்லை.'

கண்ணாடிக்காரர் டிவியைப் பார்த்தார். சுவரில்தான் இருந்தது. தொட்டும் பார்த்தார், சூடாக இருந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பதும் அதே கம்பெனி, ரயில் படம் வருகிற செயலியும் அதே கம்பெனியுடையது. அதனால் ஒரே போனில் வேலை முடிந்துவிடும் என்று அவர் நம்பினார். எடுத்த பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. சிக்கல் முழுவதையும் கேட்டுவிட்டு மிகவும் வருந்தியது. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டார். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. மச்சினன் பரணில் இன்னொரு பெட்டி வைத்திருப்பதே அப்போதுதான் தெரியவந்தது. பிறகு வாசல் மணி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கிற இயந்திரம், சுவர்க் கடிகாரம் என்று குரல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அணைக்க வைத்தது. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டபோது, நானும் என் மனைவியும்தான் பாக்கி என்று கண்ணாடிக்காரர் கடுப்பில் சொல்லிவிட்டார்.

குரல் சிரிக்கவில்லை. "சரி சார். நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா உள்ள வாங்க."

போனார்கள். மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு மனைவியும், கையில் கரண்டியோடு கணவரும் தெருவில் நின்றார்கள். சாவி தொலைந்துவிட்டதா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, எங்களை அணைத்துப் போடுகிறார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லிவைத்தார். உள்ளே அப்பா தனியாகப் படுத்திருந்தார். அவரை வெளியே கொண்டுவரச் சொல்லிக் குரலும் கேட்கவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் எல்லாம் வந்துவிட்டது, வாசல் மணியும் டிவியும் தவிர. குரல் அவரை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. மேற்பார்வையாளர் ஆண், சளி பிடித்த குரல். வீட்டை முதலில் கம்பெனிக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்றார் அவர். போனை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு, அறை அறையாக மெதுவாக நடக்க வேண்டும். ஓடக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. கண்ணாடிக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போனார். முடிந்ததும் போனில் வீட்டின் படம் வந்தது. முன்னறையில் ஒரு நீலப் புள்ளி அவர், சமையலறையில் ஒரு நீலப் புள்ளி மனைவி. புள்ளி என்றால் ஆள், ஆள் என்றால் அவர் கையில் இருக்கும் போன். பின்னறையில் டிவிக்கு ஒரு கட்டம் இருந்தது, புள்ளி இல்லை.

"பின்னறையில டிவி ஓடியிருக்கு சார், ஆனா ஆள் இல்ல" என்றார் மேற்பார்வையாளர். "ஆளில்லாம டிவி ஓடுனா அது திருட்டு இணைப்பு. உங்களப் பாதுகாக்கத்தான் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"அங்க எங்கப்பா இருக்காரு."

"அவர்கிட்ட போன் இருக்கா?"

"அவரால பேசவே முடியாது. போன் எதுக்கு?"

"அப்ப அவர் இருக்கறது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கிண்டலுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.  தன் அப்பா இருக்கிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கண்ணாடிக்காரர் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் தன்னுடைய பழைய போன் ஒன்றைத் தேடியெடுத்து, அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தார். பின்னறையில் புள்ளி பூத்தது. 'வீட்டுக்குப் புதிய வரவு, வாழ்த்துகள்' என்று கம்பெனி செய்தி அனுப்பியது. தண்டவாளம் வந்தது, அப்பா வாயைத் திறந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆனால் அந்தப் போன் நகரவில்லை. நகராத ஆள் கம்பெனிக்குச் சந்தேகத்தைக் கொடுத்தார். உங்கள் போன் தொலைந்துவிட்டதா, நீங்கள் நலமா, யாராவது உங்களை அடைத்து வைத்திருக்கிறார்களா என்று அப்பாவின் தலையணைக்கு அடியில் செய்திகள் வந்து குவிந்தன. வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரர் தினமும் கடைக்குப் போகுமுன் அப்பாவின் போனை வீட்டைச் சுற்றி நடைக்கு அழைத்துப் போனார். கொஞ்சம் நொண்டினால் நம்பிக்கையாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். அவர் கொஞ்சம் நொண்டியும் நடந்தார். எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை.

ஆளென்று ஒத்துக்கொண்டார்களா, அடுத்து ஆளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். தண்டவாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று வரும். கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சற்று நேரத்துக்குள் பதில் வராவிட்டால் படம் மூடிக்கொள்ளும். ரிமோட்டை அப்பாவின் இடது கையில் வைத்தார்கள், அது நழுவி விழுந்தது. கட்டிக்கூட வைத்தார்கள், விரல் சரியான இடத்துக்குப் போகவில்லை. கணவனும் மனைவியும் முறை போட்டுக்கொண்டு கேள்விக்குக் காவல் இருந்தார்கள். ஒரு நாள் கடையில் ஒருவருக்குச் சோதனைக் கண்ணாடியை முகத்தில் மாட்டிவிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னவர், கேள்வி நேரம் ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். திரும்பி வரும்போதும் அந்த மனிதர் அதே வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. தன் போனையும் 'தொடாதே'யில் சேர்த்து, ஒரு செயலியைப் போட்டு, கடையிலிருந்தபடியே ஆம் என்று அமுக்கப் பழகிக்கொண்டார். கொஞ்ச நாள் சொர்க்கமாக இருந்தது. பிறகு மேற்பார்வையாளரே கூப்பிட்டார். பார்க்கிறவர் பின்னறையில் இருக்கிறார், பதில் கடைத்தெருவிலிருந்து வருகிறது, இது பதிலாள் மோசடி என்றார். அப்பா எதைப் பார்க்கிறார் என்று மகனுக்குத் தெரியாதா என்று கண்ணாடிக்காரர் வாதாடினார். பாசம் வேறு, பார்வை வேறு என்று மேற்பார்வையாளர் திருத்தினார். அன்றோடு பின்னறை இணைப்பு துண்டிக்கப்பட்டது. வீட்டு வருகைக் குழு வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வரை இப்படித்தான் என்று செய்தி வந்தது.

குழு லேசில் வரவில்லை. அப்பா சுவரில் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மருமகள் ரயில் மாதிரி தன் வாயாலேயே தடதடவென்று சத்தம் போட்டு ஊட்டிப் பார்த்தாள். மாமனார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. சொட்டுச் சொட்டாக விட்ட கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது, கன்னம் உள்ளே போய்விட்டது. மருந்துக்கடையில் இருப்பவள், இது எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்படியே போனா மூக்குல குழாய் போடணும்ங்க" என்றாள். "அத அவர் தாங்க மாட்டாரு. நான் பாத்திருக்கேன்."

கடைசியில் குழு வந்தது. டை கட்டிய ஒரு சீனியர், கூடவே முள் ஆடுகிற சோதனைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டிக்காரர். வாசல் மணி இன்னும் வேலை செய்யாததால் கதவைத் தட்டினார்கள். காலணி மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அடித்தொண்டையில் பேசினார்கள். மச்சினன் வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெட்டிக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். பின்னறைக்குள் வந்த சீனியர், கட்டிலைத் தாண்டிக்கொண்டு போய் டிவி எதிரில் நின்று, இந்த அறையில் மனித நடமாட்டம் கடைசியாக எப்போது இருந்தது என்று கேட்டார். கண்ணாடிக்காரர் அப்பாவைக் காட்டினார். சீனியர் திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார், பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

சோதனை தொடங்கியது. பெட்டிக்காரர் திரையில் கேள்வியை வரவழைத்தார். 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' எல்லோரும் பெட்டியில் இருந்த முள்ளைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் இடது கட்டைவிரல் மெல்ல எழுந்து, கட்டிலின் இரும்புக் கம்பியை அழுத்தியது. நரம்புத் துடிப்பு என்றுதான் முதலில் நினைத்தார். மறுபடி கேள்வி வந்தது. மறுபடி விரல் அழுத்தியது. முள் அசையவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினுக்குள் ஒரு பொத்தான் உண்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவ்வப்போது ஒரு விளக்கு எரியும், ஓட்டுகிறவர் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அவர் தூங்கிவிட்டார், இல்லை செத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ரயில் தானாக நின்றுவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் அப்பா அதை அமுக்கியிருக்கிறார். இந்த அறையிலும் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அமுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், நாம்தான் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. அடுத்த கேள்விக்கும் எழுந்த விரலைச் சீனியருக்குக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

சீனியர் உருகிப்போனார், அது நடிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அருமை சார். எனக்கு மயிர்க்கூச்செறியுது" என்றார். "ஆனா கட்டில் நம்ம இணைப்புல இல்லையே."

"ஆள் பதில் சொல்றாரே. உங்க கண்ணு முன்னாடி சொல்றாரே."

"நான் பாத்தேன் சார். ஒரு மனுஷனா பாத்தேன். ஆனா கம்பெனி என்னை மனுஷனா அனுப்பல." சீனியர் அவர் தோளில் கை வைத்தார். "எங்களுக்கு உங்கப்பா மேல சந்தேகமே கிடையாது. ஆள் இருக்காரா இல்லையான்னு நாங்க என்னைக்குமே பாக்கறதில்ல, அது எங்க வேலையும் இல்ல. பதில் வந்துச்சா, அதத்தான் பாக்கறோம். போன மாசம் ஒரு வீட்டுல ஆள் போய்ச் சேந்துட்டாரு, ஆனா பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு. மகள் அமுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. கம்பெனி அவரை நல்ல வாடிக்கையாளர்னு பாராட்டி மாலை அனுப்புச்சு. எங்ககிட்ட பாகுபாடு கிடையாது சார்."

பிறகு சீனியர் குரலை இன்னும் தாழ்த்தி, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். கடைகளில், காத்திருப்புக் கூடங்களில் டிவி நாள் முழுக்க ஓடுகிறதே, அங்கே எந்தக் கேள்வியும் வருவதில்லை. அதற்கு ஆளில்லா அறைத் திட்டம் என்று பெயர். அறையில் யாருமில்லை என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் போதும். ஆளில்லாத இடத்தில் யாரைக் கேள்வி கேட்பது? படம் தடங்கல் இல்லாமல் ஓடும். போனில் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். ஏதோ நெருடியது. மனைவி அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"சும்மா ஒரு பட்டன்தானேங்க, அமுக்குங்க. அவர் சாப்பிடணும்."

அமுக்கினார். அறைப் படத்திலிருந்து புள்ளி மறைந்தது, சுவரில் தண்டவாளம் விரிந்தது. சீனியர் கைகொடுத்துவிட்டுப் போனார். அன்று மதியம் அப்பா கிண்ணத்தைக் காலி செய்தார், வளைவில்கூடச் சாப்பிட்டார். கணவனும் மனைவியும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் பின்னறை விளக்கு அணைந்தது. மச்சினன் விளக்கையும் மின்விசிறியையும் அதே வலையில் கோத்துவைத்திருந்தான். ஆளில்லாத அறையில் வெளிச்சம் வீண் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. போட்டால் எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். போகட்டும், ரயில் வெளிச்சம் போதும் என்று விட்டார்கள். அடுத்து, அப்பாவின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் வரவில்லை. கண்ணாடிக்காரர் அவளைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டார். அவள் தர்மசங்கடமாக நெளிந்தாள்.

"எனக்குத் தெரியும் சார், ஐயா அங்கதான் இருக்காரு. ஆனா எங்க போன்லயும் கம்பெனி கணக்குதான், உங்க வீட்டுல நோயாளி யாருமில்லன்னு வருது. நான் வந்தாலும் வந்ததா ஆகாது."

மருந்துக்கடையில் மனைவியின் கம்ப்யூட்டரும் மாமனாருக்கு மருந்து எடுக்க விடவில்லை. அங்கே வேலை பார்ப்பவளே மருந்தைக் கண்மறைவாக எடுத்து வர வேண்டியதாயிற்று. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நாளாக ஆக, இருவருமே அந்த அறையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். விற்காத கண்ணாடிச் சட்டங்கள் இருந்த அட்டைப்பெட்டிகளைக் கண்ணாடிக்காரர் கட்டில் ஓரமாக அடுக்கினார். மனைவி அங்கே துணி காயப்போட்டாள். ஒரு நாள் பழைய நாற்காலியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, "பின்னறை சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  பிறகு நாற்காலியைப் பின்னறையில் வைத்தார்கள்.

அன்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கம்பெனியைக் கூப்பிட்டார். அதே தேன் குரல். அறையில் ஆள் இருக்கிறார், திட்டத்தை ரத்து செய்யுங்கள், கேள்வி வந்தால் வரட்டும், நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். குரல் மிகவும் வருந்தியது. ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவர் அந்த அறையில் இருப்பவர்தானாம். ஆனால் அந்த அறையில் யாருமில்லை.

"ஆளில்லாத அறையிலருந்து புகார் வர வழியில்ல சார்."

"புகார் நான் குடுக்கறேன்ல?"

"நீங்க முன்னறையில இருக்கீங்க சார். புள்ளி தெரியுது." குரலில் தேன் குறையவில்லை. "அங்க யாருமில்லன்னு நீங்கதான் ஒத்துக்கிட்டீங்க. இப்ப ஒருத்தர் இருக்காருன்னு சொல்றீங்க. அவர் எப்ப வந்தாரு? யார் அவர உள்ள விட்டது? தெரியாத ஆள் வீட்டுக்குள்ள இருந்தா அப்புறப்படுத்த எங்ககிட்ட தனிப் பிரிவு இருக்கு. இணைச்சு விடட்டுங்களா?"

வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.  வாசல் கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போனார். அப்பா ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். சாப்பிடுகிறார் அல்லவா, அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து சீனியர் மறுபடி வந்தார். இந்த முறை கேமராக்காரர் ஒருவரும் கூட வந்தார். ஆளில்லா அறைத் திட்டம் அமோக வெற்றியாம். வீட்டுக்கு வீடு இப்படி அறைகள் இருப்பது கம்பெனிக்கே இப்போதுதான் தெரியவந்ததாம். படுத்தவர்கள், பேசாதவர்கள், பட்டன் அமுக்கத் தெரியாதவர்கள் என்று எல்லா வீட்டிலும் பின்னறை இருக்கிறது. வீடுகளில் முதலில் சேர்ந்தவர் என்ற முறையில் கண்ணாடிக்காரர் நாலு வார்த்தை பேச வேண்டும், விளம்பரத்துக்கு. பேசினால் இந்த வீட்டுக்குத் திட்டம் நிரந்தரம். பேசாவிட்டால் பின்னறையை மறுபரிசீலனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

முன்னறையில் எடுக்கலாம் என்றார் கண்ணாடிக்காரர். கேமராக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் ரயில் ஓடுவது தெரிய வேண்டும், அறை வாசலில்தான் நிற்க வேண்டும் என்றார். நிறுத்தினார்கள். துணிக்கொடியைத் தள்ளினார்கள், கட்டில் படத்தில் விழாதபடி கேமராவைக் கொஞ்சம் திருப்பினார்கள். அப்பா பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நீண்ட வளைவு வந்துகொண்டிருந்தது.

"உங்க பின்னறையில யார் சார் இருக்காங்க?" என்று சீனியர் பளிச்சென்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கண்ணாடிக்காரர் ஏதோ முணுமுணுத்தார். ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று கேமராக்காரர் கையை ஆட்டினார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக.

"யாருமில்ல."

இதுவும் சரியில்லை. சோகமாக இருக்கிறது, இது மகிழ்ச்சியான திட்டம், சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்றார் சீனியர். மனைவி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் சிரித்தார்.

"பின்னறையில யாருமில்லங்க" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். வளைவில் ரயில் போய்க்கொண்டிருந்தது. அப்பா பாதையைப் பார்க்கவில்லை. வளைவில் ஒரு நாளும் பாதையை விட்டுக் கண்ணெடுக்காதவர், மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார். கோபம் இல்லை.

அவர்கள் போன பிறகு மசித்த உணவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவரே ஊட்டப் போனார். நல்ல நேர்ப் பாதை, வெயில், இரண்டு பக்கமும் வயல். மனைவி கணக்கு வைத்திருந்தபடி நிறையக் கரண்டிகள் போக வேண்டிய இடம். கரண்டியை உதட்டருகில் கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை. பாதை ஓடட்டும் என்று காத்திருந்தார். ஒரு நிலையம் வந்து போனது, பாலம் வந்து போனது, சிவப்பு சிக்னலில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், அது கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. அப்பாவின் கண் திறந்துதான் இருந்தது. திரையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

மனைவி வந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஊட்டிப் பாருங்கள் என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்டிருக்காது. கண்ணாடிக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் இடது கையை எடுத்துக் கட்டில் கம்பியின் மேல் வைத்தார். கட்டைவிரலைக் கம்பியில் பொருத்தி, காதருகில் குனிந்தார்.

"சும்மா சொன்னதுப்பா. நீங்க சாப்பிடணும்னுதான் சொன்னேன். கேக்குதாப்பா?"

விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நேர்ப் பாதையில் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை.